இளம்பிள்ளை வாதமும் அண்டை வீட்டார் ஹக்கும்

போலியோ என்று உலகெங்கும் வழங்கப்படும் நோய்க்குத் தமிழில் இளம்பிள்ளை வாதம் என்று பெயர். அரபியில் அதனை 'ஷலலுல் அத்ஃபால்' என்பர். ஷலல் என்றால் முடக்கம். அத்ஃபால் என்றால் குழந்தைகள். நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால் ஓரிரு நாளில் துவண்டு விழுவதைக் கண்ட மக்கள், கண்ட காட்சியையே நோயின் பெயராக்கினர். 'போலியோ' என்பதோ சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தண்டுவடத்தின் உள்ளே சாம்பல் நிறமாகத் தோன்றும் நரம்புத் திசுவை இந்நோய் தாக்குவதால் மருத்துவர்கள் அப்பெயரைத் தேர்ந்தனர்.

மக்கள் வழங்கிய பெயர் வெளியே தெரிவதைச் சொல்கிறது. மருத்துவர் வழங்கிய பெயர் உடலின் உள்ளே நிகழ்வதைச் சொல்கிறது. ஒரு குழந்தை முடங்குவதற்கு முன்பே, எவ்வித அறிகுறியுமின்றி நூற்றுக்கணக்கான குழந்தைகளின் குடல் வழியே இந்நோய் பயணம் செய்திருக்கும் என்பதை இவ்விரு பெயர்களும் சொல்வதில்லை. தடுப்பு முறைகளின் தேவை முழுவதும் இந்த உண்மையிலேயே அடங்கியுள்ளது. இதனை விளக்குவதும், இது நம்மீது சுமத்தும் மார்க்கக் கடமை எத்தகையது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நோயின் இயல்பு

இந்நோய் மிகப் பழமையானது. ஒரு கால் சூம்பிய நிலையில் கோலூன்றி நிற்கும் மனிதர் ஒருவரின் உருவம் பொறித்த பண்டைய எகிப்தியக் கல் ஒன்று கோபன்ஹேகன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 3,400 ஆண்டுகள் பழமையான அக்கல்லில் காணப்படுவது இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இதனை உண்டாக்குவது போலியோ வைரஸ் என்னும் நுண்கிருமி. அதில் 1, 2, 3 என மூன்று வகைகள் உண்டு. ஒரு வகையை எதிர்க்கும் ஆற்றல் பிற வகைகளிலிருந்து காப்பதில்லை. கிருமி வாய்வழியே நுழைந்து தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பின்னர் மலத்தின் வழியே பல வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அம்மலத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள் நீரிலோ உணவிலோ கையிலோ ஒட்டி மற்றொரு குழந்தையின் வாயை அடையுமானால் பரவல் தொடர்கிறது. மனிதரைத் தவிர வேறு உயிரினம் எதுவும் இதற்குப் புகலிடமாக இருப்பதில்லை. மனிதரிடையே இதன் சங்கிலியை அறுத்துவிட்டால் உலகிலிருந்தே ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

கிருமி தொற்றிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு ஒன்றுமே தெரிவதில்லை. சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் ஆகியவை வந்து நீங்கும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கிருமி தண்டுவடத்தை அடைந்து, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. இறந்த நரம்பணு மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலால் அந்த முடக்கம் நிலைத்துவிடுகிறது. கால்களே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. தொடுவுணர்ச்சியும் அறிவாற்றலும் குறைவதில்லை. முடக்கமுற்றோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை சுவாசத் தசைகள் செயலிழந்து இறக்கின்றனர்.

ஒரு குழந்தை முடங்கிற்று என்றால், அதனைச் சுற்றிலும் ஏறத்தாழ இருநூறு குழந்தைகள் நோயறியாமலே கிருமியைச் சுமந்திருக்கின்றனர் என்று பொருள். முடங்கிய குழந்தையை மட்டும் தனிமைப்படுத்தி நோயைத் தடுக்க இயலாததற்குக் காரணம் இதுவே. முடக்கம் வந்தபின் அதனை மாற்றும் மருந்தும் இன்றுவரை இல்லை. எனவே இந்நோயைப் பொறுத்தவரை முன்னதாகத் தடுப்பது ஒன்றே வழியாகும்.

கரிசல் நிலத்தில் கிருமியின் பாதை

கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கயத்தாறு, கழுகுமலை, விளாத்திகுளம், உமறுப் புலவர் அடங்கியுள்ள எட்டயபுரம் ஆகிய ஊர்களையும் உள்ளடக்கிய கரிசல் பூமியை நினைவில் கொண்டால் மேற்கூறியவை எளிதில் விளங்கும். வானம் பார்த்த பூமி இது. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மழையை நம்பியே விளைகின்றன. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண், ஐப்பசி மழையில் காலை இழுத்துப் பிடிக்கும் சேறாகிவிடும். பல ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பு. ஊருணியில் தேங்கும் மழைநீரே நெடுங்காலம் குடிநீராக இருந்தது. குழாய் நீர் வந்த பின்னும் அது பல நாட்களுக்கு ஒருமுறையே வந்ததால், பிடித்து வைத்த குடத்து நீரைக் கொண்டே ஒரு குடும்பம் நாட்களைக் கடத்த வேண்டியிருந்தது.

நீர் அருகிய இடத்தில் கை கழுவுதலும் அருகும். ஊர்ப்புறத்து உடைமரக் காடுகளே கழிப்பிடமாக இருந்த காலத்தில், முதல் மழை அங்கிருந்த அழுக்கை ஓடை வழியே ஊருணிக்கும் கண்மாய்க்கும் கொண்டு சேர்த்தது. தாய்மார்கள் பருத்திக்காட்டிற்கும் தீப்பெட்டி ஆபீசிற்கும் சென்ற வீடுகளில், கைக்குழந்தையை அதனினும் சற்றே மூத்த குழந்தை பார்த்துக்கொண்டது. ஒரே கை சிறு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுப் பின் கஞ்சியும் ஊட்டியது. போலியோ கிருமிக்கு இதனினும் வசதியான பாதை வேண்டியதில்லை. வறண்ட நிலமாயிற்றே, நீரால் பரவும் நோய் இங்கு எப்படி வரும் என்று எண்ணுவது பிழை. நீர் மிகுதி ஒருவகையில் நோயைப் பரப்புமானால், நீர்ப் பற்றாக்குறை மற்றொரு வகையில் அதனைப் பரப்பும்.

இங்கு மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கும் 'ஒரு ஊசி போட்டால்தான் தெளியும்' என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழப் பதிந்தது. போலியோ கிருமி உடலில் இருக்கும் வேளையில் தசையில் போடப்படும் தேவையற்ற ஊசி, அந்த உறுப்பில் முடக்கம் உண்டாகும் வாய்ப்பை உயர்த்துகிறது என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. 'காய்ச்சலுக்கு ஊசி போட்டோம், கால் விழுந்துவிட்டது' என்று பெற்றோர் பலர் கூறியதில் உண்மையின் ஒரு பகுதி இருந்தது. ஊசி நோயைக் கொண்டுவரவில்லை. உள்ளே இருந்த நோய்க்கு அது வழிகாட்டியிருக்கலாம்.

தூய்மை மட்டும் போதுமா?

நீர்நிலை, நடைபாதை, மக்கள் தங்கும் நிழல் ஆகிய இடங்களில் மலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் சாபத்திற்குரிய செயலாக எச்சரித்திருக்கிறார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்தார்கள். பாத்திரங்களை மூடி வைக்கவும், உறங்கி எழுந்தவர் கையைக் கழுவுமுன் நீர்ப் பாத்திரத்தில் இடாதிருக்கவும் கற்பித்தார்கள். மலத்திலிருந்து வாய்க்குச் செல்லும் நோய்கள் அனைத்தின் பாதையையும் இப்போதனைகள் மறிக்கின்றன. இவற்றைப் பேணாமல் தடுப்பு மருந்தைப் பற்றி மட்டும் பேசுவது குறையுடையதாகும்.

ஆயினும், 'தூய்மை பேணும் சமுதாயம் நாம். நமக்கு மருந்து எதற்கு?' என்று சிலர் கேட்பதை வரலாறு ஏற்கவில்லை. போலியோ பெருங்கொள்ளை நோயாக வெடித்தது, கழிவுநீர் வசதியும் தூய குடிநீரும் பரவிய பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான். முன்னர் அங்கும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும்போதே கிருமியைச் சந்தித்துத் தப்பினர். தூய்மை வளர்ந்தபோது அந்தச் சந்திப்பு தள்ளிப்போயிற்று. தாய் தந்த பாதுகாப்பு நீங்கிய வயதில் கிருமி வந்து சேர்ந்தது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ரூஸ்வெல்ட், 1921இல் தம் 39ஆம் வயதில் இரு கால்களும் முடங்கினார். 1952இல் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 58,000 பேர் நோயுற்றனர். கிருமி உலகில் உலவும்வரை தூய்மையோடு தடுப்பு மருந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

இருவகை மருந்துகள்

கிருமியைக் கொன்று ஊசி மருந்தாக்கும் முறையை ஜோனஸ் சால்க் கண்டார். அதன் வெற்றி 1955 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. கிருமியைக் கொல்லாமல் வலுவிழக்கச் செய்து வாய்வழிச் சொட்டு மருந்தாக்கும் முறையை ஆல்பர்ட் சாபின் கண்டார். அமெரிக்கரான அவரது மருந்து, பனிப்போர்க் காலத்திலேயே சோவியத் ஒன்றியத்தில் 1959இல் பெருமளவில் சோதிக்கப்பட்டு, 1960களில் உலகெங்கும் பரவியது.

ஊசி மருந்து இரத்தத்தில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கி, கிருமி நரம்பை அடையாமல் தடுக்கிறது. கிருமி முறையாகக் கொல்லப்பட்டிருந்தால் அம்மருந்தால் போலியோ வருவதில்லை. ஆனால் குடலில் கிருமி பெருகுவதை அது முழுமையாகத் தடுப்பதில்லை. சொட்டு மருந்தோ குடலிலேயே காவல் நிற்கிறது. கிருமி குடியேறவும் பரவவும் இடந்தருவதில்லை. விலையும் குறைவு, கொடுப்பதும் எளிது. மேலும், மருந்துண்ட குழந்தையின் குடலிலிருந்து வெளியேறும் வலுவிழந்த கிருமி அண்டை வீட்டுக் குழந்தையையும் அடைந்து, கேளாமலே அதற்கும் பாதுகாப்பு வழங்குவதுண்டு.

இந்த இயல்பிலேயே அதன் குறையும் இருக்கிறது. பெரும்பாலோர் மருந்துண்ட ஊரில் வெளியேறும் கிருமிக்குப் பரவ இடமில்லை, அது மறைந்துவிடும். மருந்துண்ணாதோர் மிகுந்த ஊரிலோ அது ஒரு குடலிலிருந்து மற்றொன்றுக்கு மாதக்கணக்கில் தாவித் தாவி, மெல்ல மாறுதலடைந்து, இழந்த வலிமையை மீண்டும் பெற்றுவிடக்கூடும். ஒரே மருந்து, எல்லோரும் உண்டால் அண்டை வீட்டாருக்கு அருளாகிறது. பலர் மறுத்தால் இடராகிறது. மருந்துண்ட குழந்தைக்கே முடக்கம் நேர்வதும் உண்டு. அது ஏறத்தாழ 27 லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் மிக அரிதாக நிகழ்வது. இவ்வுண்மைகளை மறைக்க வேண்டியதில்லை. இவற்றை அறிந்தே உலகச் சுகாதாரத் துறை படிப்படியாக ஊசி மருந்தையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் 2015 நவம்பரில் ஊசி மருந்து பொதுத் திட்டத்தில் அறிமுகமாயிற்று. இரண்டாம் வகைக் கிருமி இயற்கையில் ஒழிந்துவிட்டதால், 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து அவ்வகை நீக்கப்பட்டது.

வேலூர் உணர்த்திய பாடம்

மேலை நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து பெரும்பாலான குழந்தைகளைக் காத்தது. நம் நாட்டில் அவ்வாறன்று என்பதை முதலில் நிறுவியவர்களுள் முதன்மையானவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டாக்டர் ஜேக்கப் ஜான். மூன்று தவணை பெற்ற குழந்தைகளில் பலர்க்குப் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்பதை 1970களில் அவரும் அவர் குழுவினரும் கண்டனர். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பிற கிருமிகளும், ஊட்டக்குறைவும் மருந்துக் கிருமியை வேரூன்றவிடுவதில்லை. எனவே தவணைகளைக் கூட்ட வேண்டும். ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காலத்தில் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஒரே நாளில் எல்லாக் குடல்களையும் மருந்துக் கிருமி நிறைத்துவிட்டால் நோய்க்கிருமிக்கு இடமிருக்காது. 1980களின் தொடக்கத்தில் வேலூரில் இம்முறை பயன்படுத்தப்பட்டு நற்பயன் தந்தது.

1988இல் உலகச் சுகாதாரப் பேரவை போலியோ ஒழிப்பை இலக்காக அறிவித்தபோது, உலகில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேர் முடங்கிக்கொண்டிருந்தனர். டெல்லியில் 1994இலும் நாடு முழுவதும் 1995 டிசம்பரிலும் தொடங்கிய சொட்டு மருந்து நாட்கள், வேலூரில் சோதித்துப் பார்த்த கருத்தின் விரிவே. தெருமுனையிலும் பேருந்து நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் மருந்து கொடுத்து, இடக்கைச் சுண்டுவிரலில் மையிட்டு அனுப்பும் காட்சியை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை.

தமிழ்நாட்டில் 2004க்குப் பின் இயற்கைக் கிருமியால் நேர்ந்த போலியோ பதிவாகவில்லை. இந்தியாவின் இறுதி நோயாளி, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்க மாநிலம் ஹவுராவில் நோயுற்ற சிறுமி. 2014 மார்ச் 27இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரத்தைப் போலியோ அற்றதெனச் சான்றளித்தது.

இவ்வெற்றியில் கவனத்திற்கு வராத சிறு பொருள் ஒன்றும் உண்டு. சொட்டு மருந்து வெப்பத்தைத் தாங்காதது. கோடையில் கரிசல் ஊர்களின் வெயிலைக் கடந்து கிராமத்து அங்கன்வாடியை அடைவதற்குள் அது பயனற்றுப் போகக்கூடும். இதற்காகவே மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் வெளிறிய சதுரமும் அச்சிட்டிருப்பர். வெப்பம் பட்டதற்கு ஏற்ப அச்சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைக் கொடுக்கக்கூடாது. எழுத்தறியாத தாயும் இதனைப் பார்த்து அறியலாம்.

ஐயமும் அதன் விலையும்

நமக்கு வேதனை தரும் பகுதிக்கு இப்போது வருவோம். 2002ஆம் ஆண்டு இந்தியாவில் 1,600 பேர் போலியோவால் தாக்கப்பட்டனர். அவர்களில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தினர். அம்மாநிலத்தில் நோயுற்றோரில் பாதிக்கும் மேற்பட்டோர் முஸ்லிம் குழந்தைகள். மக்கள்தொகையில் முஸ்லிம்களின் பங்கோ ஐந்தில் ஒன்றை ஒட்டியது. சொட்டு மருந்து மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்ற வதந்தி அங்கே பரவியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டின் பெயரால் நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்த வன்முறைகளை மறவாத மக்களிடம் அவ்வதந்தி எளிதில் வேர்விட்டது. மருத்துவமனையோ சாக்கடையோ சாலையோ தராத அரசு, சொட்டு மருந்தை மட்டும் வீடு தேடி வந்து தருவதேன் என்றும் அவர்கள் கேட்டனர்.

அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையன்று. பலமுறை மருந்துண்டும் முடங்கிய குழந்தைகள் அங்கே இருந்தனர்; வேலூர் ஆய்வு காட்டிய அதே குடல் நோய்களும் நெரிசலும் அதற்குக் காரணம். ஆதலால் தீர்வும் இருமுனையாகவே அமைந்தது. வீரியம் கூடிய புதிய மருந்துகள் 2005இலும் 2010இலும் வந்தன. உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களில் இடர் மிகுந்த 107 வட்டாரங்களைத் தேர்ந்து, மருந்தோடு தூய நீர், கழிப்பிடம், வயிற்றுப்போக்குச் சிகிச்சை ஆகியவற்றையும் 2009 முதல் சேர்த்து வழங்கினர். மறுபுறம், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவற்றின் ஆசிரியரும் மாணவரும் வீடு வீடாகச் சென்றனர். தேவ்பந்த் உள்ளிட்ட மார்க்கக் கல்விக்கூடங்களின் ஆலிம்கள் மருந்தை ஆதரித்து வேண்டுகோள் விடுத்தனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் முகாம் நாளை அறிவித்தன. 2009இல் 741 ஆக இருந்த நோயாளர் எண்ணிக்கை 2010இல் 42 ஆகவும், 2011இல் ஒன்றாகவும் குறைந்தது. ஐயத்தை அகற்றியதில் உலமாக்களின் பங்கு, மருந்தை மேம்படுத்திய அறிஞர்களின் பங்கிற்குக் குறைந்ததன்று.

வெளிநாடுகளிலும் இதே படிப்பினை உண்டு. நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் சொட்டு மருந்தை நிறுத்தியது. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த அந்நிறுத்தம் முடிவதற்குள் கிருமி எல்லை தாண்டிவிட்டது. 2005இல் யமனிலும், பத்தாண்டுகள் நோயற்றிருந்த இந்தோனேசியாவிலும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் முடங்கினர். அவர்களைத் தாக்கியது நைஜீரியாவில் தோன்றிய கிருமியின் வழிவந்ததே. பாகிஸ்தானில் 2011இல் உளவு வேலைக்காகத் தடுப்பூசி முகாம் ஒன்றைப் போலியாக நடத்திய அமெரிக்க உளவு நிறுவனத்தின் செயல் மாபெரும் துரோகம். ஆனால் அதன் தண்டனையை அனுபவித்தவர்கள் அந்நாட்டுக் குழந்தைகளும், சுட்டுக் கொல்லப்பட்ட தடுப்பு மருந்துப் பணியாளர்களுமே. 2024இல் பாகிஸ்தானில் 74 பேர் இயற்கைக் கிருமியால் நோயுற்றனர். அதே ஆண்டில், போரால் குடிநீரும் கழிவுநீர் அமைப்பும் சிதைந்து, தடுப்பு மருந்துப் பணியும் குலைந்த காஸாவில், 25 ஆண்டுகளுக்குப் பின் பத்து மாதக் குழந்தை ஒன்று போலியோவால் முடங்கியது. அது முன்னர் கூறிய, வலிமை மீண்ட மருந்துக் கிருமியால் நேர்ந்தது. குண்டுவீச்சின் இடைவெளியில், செப்டம்பர் மாதத்து முதல் சுற்றில் மட்டும் ஐந்தரை லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளை அவ்வூர்ப் பெற்றோர் முகாம்களுக்குத் தூக்கி வந்தனர். எல்லாம் இழந்த அவர்கள் கைவிடாத கடமையை, அனைத்தும் வாய்த்த நாம் கைவிடலாகாது.

மார்க்க நோக்கு

நோயைப் படைத்த அல்லாஹ் அதற்கான நிவாரணத்தையும் படைத்தே இருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியும் நாம் அறிந்ததே. இவ்விடத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் சிரியப் பயணம் சிந்திக்கத்தக்கது. கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃக் என்னுமிடத்தில் கேள்விப்பட்டு அவர்கள் திரும்ப முடிவு செய்தபோது, 'அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா?' என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் பதிலளித்து, ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே அல்லவா என்று உவமை காட்டினார்கள். கரிசல் காட்டில் ஆடு மேய்ப்பவருக்கும் புரியும் உவமை அது. பசுமை கண்ணெதிரே இருக்கையில் வறட்சியின் பக்கம் ஓட்டிவிட்டு விதியென்பது ஈமானின் உயர்நிலை ஆகாது.

மருந்துக் கிருமியை வளர்க்கும் தொழில்நுட்பத்தில் பன்றியிலிருந்து பெறப்படும் நொதி பயன்படுவது குறித்தும் வினா எழுந்தது. ஃபிக்ஹு அறிஞர்கள் அதனைத் தட்டிக்கழிக்கவில்லை. தயாரிப்பின்போது அப்பொருள் பலமுறை வடிகட்டிக் கழுவி நீக்கப்படுவதையும், ஒரு பொருள் மற்றொன்றாக மாறுவதைக் குறிக்கும் 'இஸ்திஹாலா' என்னும் கோட்பாட்டையும், நிர்ப்பந்த நிலையின் சட்டத்தையும் ஆராய்ந்து, சொட்டு மருந்து அனுமதிக்கப்பட்டதே என்று ஐரோப்பிய ஃபத்வா ஆய்வுப் பேரவை 2003இல் முடிவு செய்தது. அல்அஸ்ஹரும் பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் போலியோ ஒழிப்பை வெளிப்படையாக ஆதரிக்கின்றன.

ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் ஒன்றைச் சிந்தனைக்கு வைக்கிறோம். சமுதாயக் கடமையைப் ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். போதுமானவர்கள் நிறைவேற்றிவிட்டால் மற்றோர் பொறுப்பு நீங்கும். ஜனாஸாத் தொழுகைக்குச் சிலர் போதும். போலியோவைத் தடுப்பதில் 'போதுமானவர்' என்பது ஏறக்குறைய எல்லோரும் என்றே ஆகிறது. 'ஊரார் பிள்ளைகள் மருந்துண்டால் போதும், என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று ஒவ்வொருவரும் எண்ணினால் போதுமானவர் என்ற எண்ணிக்கை என்றுமே நிறையாது. எனவே இது வடிவில் சமுதாயக் கடமையாயினும், நடைமுறையில் ஒவ்வொரு பெற்றோர் மீதும் தனித்தனியே இறங்குகிறது. குழந்தையின் உடல் பெற்றோரின் உடைமையன்று, அது அமானிதம். தீங்கு செய்வதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நம் வீட்டுக் குடலில் வளரும் கிருமி அண்டை வீட்டுக் குழந்தையின் காலை முடக்கும் என்று தெரிந்தபின், அதனைத் தடுப்பது அண்டை வீட்டாரின் ஹக்காகிறது. அவர் எந்தச் சமயத்தவர் என்பது அந்த ஹக்கில் வேறுபாடு உண்டாக்காது.

இன்று செய்ய வேண்டியவை

இயற்கைக் கிருமியின் இரண்டாம் வகை 1999இல் அலிகரில் இறுதியாகக் காணப்பட்டு மறைந்தது. மூன்றாம் வகையின் ஒழிவு 2019இல் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய முதல் வகை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் தொடர்ந்து பரவிவருகிறது. பயணங்கள் பெருகிய உலகில் எந்த ஊரும் தனித்தீவன்று. ஹஜ்ஜுக்குச் செல்லும் இந்தியப் பயணிகளுக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்படுவதன் காரணம் இதுவே.

குழந்தை பிறந்தவுடன் ஒரு தவணையும், 6, 10, 14 ஆகிய வாரங்களில் மூன்று தவணைகளும், 16 முதல் 24 மாதங்களுக்குள் ஊக்கத் தவணையுமாகச் சொட்டு மருந்து அளிக்கப்படுகிறது. 6, 14 ஆகிய வாரங்களிலும், 2023 முதல் 9ஆம் மாதத்திலும் தோலில் சிறிதளவு ஊசி மருந்து செலுத்தப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம். சொட்டு மருந்து முகாம் நாளில் கிடைப்பது இவற்றுக்குக் கூடுதலே, மாற்றாகாது. பதினைந்து வயதுக்குட்பட்ட எக்குழந்தைக்கேனும் கையோ காலோ திடீரெனத் துவண்டால் உடனே அரசு மருத்துவமனையில் தெரிவிக்க வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் இருமுறை மல மாதிரி எடுத்துச் சோதிப்பதன் மூலமே நாடு நோயற்றிருப்பது உறுதி செய்யப்படுகிறது. சென்னை கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் இச்சோதனை நடைபெறும் ஆய்வகங்களுள் ஒன்று.

நோய் நீங்கினாலும் நோயுற்றோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள், காலில் இரும்புச் சட்டத்துடனோ மூன்று சக்கர வண்டியிலோ நம் ஊர்களில் உழைத்து வாழ்கின்றனர். தேறிய தசைகள் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தளர்வதும் உண்டு. அதனைச் சோம்பல் என்று கருதலாகாது. கால் ஊனமுற்ற அம்ர் இப்னு ஜமூஹ் (ரலி) அவர்கள் உஹதுக் களம் செல்ல விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஆவலை மதித்து வழிவிட்டார்கள். இன்று நம் பள்ளிவாசல்கள் பலவற்றில், ஊன்றுகோலுடன் வருபவர் முதல் படியிலேயே நின்றுவிட நேர்கிறது. ஒரு சாய்தளமும், அமர்ந்து ஒளூச் செய்ய உயரமான இருக்கையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் ஜமாஅத்தின் செலவில் பெரிதல்ல.

முடங்கிய கால்களைக் காணாத தலைமுறை இப்போது பெற்றோராகியுள்ளது. காணாத நோய்க்கு அஞ்சுவது கடினம். மறதியே இன்று வதந்தியினும் பெரிய இடர். ஆண்டுக்கொரு ஜும்ஆவில், முகாம் நாளுக்கு முன்னதாக, நம் கதீப்மார்கள் இதனை ஐந்து நிமிடம் நினைவூட்டினால், அது ஓர் உயிரை வாழ்வித்தவர் மனித குலம் முழுவதையும் வாழ்வித்தவர் போன்றவர் என்னும் இறைவாக்கின் பாற்பட்ட செயலாகும். அல்லாஹ் நம் குழந்தைகளையும் அண்டை வீட்டார் குழந்தைகளையும் எல்லா நோய்களிலிருந்தும் காத்து, அவன் தந்த அறிவை உரிய முறையில் பயன்படுத்த நமக்குத் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.